எனக்கு அரியர் இருந்ததைத் தம்பிகிட்ட சொல்லிட்டேன்

ஜனவரி கடைசியில் சித்தி போன் பண்ணினாங்க. "அம்மிணி, ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு வந்து இவங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போ கண்ணு. நாங்க சொன்னா காதுலயே வாங்க மாட்டீங்கறான். நீ சொன்னா கேப்பான்."

இவன் என்றால் சித்தி பையன். பிளஸ் டூ. மார்ச்சில் பொதுத்தேர்வு. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்காவது இந்த சீசனில் இப்படி ஒரு போன் வந்திருக்கும். ஒரு இன்ஜினியரிங் காலேஜில் சீட் வாங்கிவிட்டால் போதும், சொந்தத்தில் இருக்கிற அத்தனை பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கும் நாம்தான் ஆலோசகர். நம்ம சிஜிபிஏ என்னன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கறதில்ல.

காந்திபுரத்தில் பஸ் ஏறி சோமனூர் போனேன். சித்தப்பாவுக்கு வீட்டை ஒட்டியே தறிக்குடோன், 12 விசைத்தறி, கூலிக்கு ஓட்டுகிறார். வீட்டுக்குள்ள போனதும் முதலில் கண்ணில் பட்டது டிவி. அதன் மேல் ஒரு பழைய பெட்ஷீட் போர்த்தியிருந்தது. தீபாவளி முடிஞ்சதும் ரீசார்ஜை நிறுத்திட்டாங்களாம். காலண்டரில் சித்தப்பா சிவப்பு பேனாவில் தினமும் ஒரு நம்பர் எழுதுறார். அன்னைக்கு 36. பரீட்சைக்கு இன்னும் 36 நாள். சித்தி சமையலறையில் குசுகுசுன்னு பேசினாங்க. பக்கத்துலயே 12 தறி டக்கு டக்குன்னு ஓடுது! அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த பையனுக்கு டிவி சத்தம் தொந்தரவாம். எனக்கு சிரிப்புதான் வந்தது, ஆனா அந்த வீட்டில் சிரிக்கிற மாதிரி யாரும் இல்லை.

தம்பி இன்டர்வியூவுக்கு வந்தவன் மாதிரி சேர் நுனியில் உட்கார்ந்தான். நான் இருபது நிமிஷம் பேசினேன். டைம் டேபிள், போகஸ், போன் வேண்டாம், இந்த ஒரு மாசம் கஷ்டப்பட்டா பொறவு லைஃப் முழுக்க ஜாலி. என் பிளஸ் டூவில் எனக்குச் சொன்ன அதே வசனம். பைனல் இயர் வரைக்கும் வந்துட்டேன், அந்த ஜாலி எந்த ரூம்ல இருக்குன்னு இன்னும் தேடிட்டுத்தான் இருக்கேன்.

எல்லாம் முடிஞ்சதும் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அக்கா, உங்களுக்கு அரியர் எதாச்சும் இருந்துச்சுங்களா?"

சித்தி சமையலறை வாசலில் நின்னுட்டு இருந்தாங்க. "சேச்சே, இல்லடா" என்றேன்.

செகண்ட் செம் மேத்ஸில் எனக்கு அரியர். மூணாவது அட்டெம்ப்ட்டில்தான் கிளியர் ஆச்சு. அம்மாவுக்கு அப்பவே தெரியும். அப்பாவுக்கு கிளியர் ஆன பொறவு சொன்னோம். சொந்தக்காரங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, இந்தக் கட்டுரை யாராவது பார்வர்ட் பண்ணினால் தெரியும். திரும்பி வர்ற பஸ்ஸில் அந்தப் பொய்தான் உறுத்திக்கிட்டே இருந்தது. அவன் அட்வைஸ் கேக்கலை. தோத்த யாராவது ஒருத்தர் தன் கண்ணுக்கு முன்னாடி நல்லா இருக்காங்களான்னு பாத்திருக்கான். நான் ஆமான்னு சொல்லியிருந்தா போதும். நானும் காலண்டர்ல ஒரு நம்பரை எழுதிட்டு வந்துட்டேன்.

நான் சொல்ல வர்றது இதுதான். பரீட்சை சீசனில் ஒரு வீட்டோட டென்ஷனைக் குறைக்கிறது எப்படின்னு சைக்காலஜிஸ்டுகள் நிறைய சொல்றாங்க, அதெல்லாம் சரி. ஆனா அந்த வீட்டுக்குள் "அக்காவைப் பாரு, அண்ணனைப் பாரு" என்று மாட்டி வைத்திருக்கிற போட்டோ நாமதான். அந்த போட்டோ பொய்யா இருக்கிற வரைக்கும் மத்தது எதுவும் வேலை செய்யாது. அதைக் கழட்டுறது நம்ம கையிலதான் இருக்கு.

நம்ம பேட்ச் இதைச் சொல்றதுக்கு ரொம்பப் பொருத்தமான பேட்ச். ஞாபகம் இருக்கா? 2020 மார்ச்சில் பத்தாவது எழுத உட்கார வேண்டியவங்க நாம. தள்ளி வச்சாங்க, தள்ளி வச்சாங்க, ஜூன் 9ஆம் தேதி ரத்துன்னு அறிவிச்சாங்க. காலாண்டு, அரையாண்டு மார்க்கும் வருகைப் பதிவும் வச்சு ஆல் பாஸ். அடுத்த வருஷம் பிளஸ் ஒன், 2021 பிப்ரவரியிலேயே அதுவும் ஆல் பாஸ். ஆக நம்ம வாழ்க்கையில் முதன்முதலா எழுதின பொதுத்தேர்வு 2022 மே மாசம் எழுதின பிளஸ் டூதான். அந்தப் பயம் எப்படி இருந்ததுன்னு நமக்குத் தெரியாதா?

நான் அந்த வருஷம் நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் ஸ்கூலில் இருந்தேன். பேரு வேண்டாம். 2021 செப்டம்பரில் ஸ்கூல் திறந்ததும் கொண்டுபோய் விட்டுட்டாங்க. காலை 4.30க்கு எழுப்புவாங்க, ராத்திரி 11 வரைக்கும் ஸ்டடி. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு அஞ்சு நிமிஷம் போன் பேசலாம். அந்த அஞ்சு நிமிஷத்தில் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "டெஸ்ட்ல எவ்வளவு?" பதில் சொல்லி, அதுக்கு அம்மா பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள வார்டன் அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்க. "சாப்டியா" என்பதே கேட்காத வாரங்கள் இருந்தது. அம்மாவைக் குறை சொல்லலை. போன வருஷம் இதைச் சொன்னப்ப அம்மா அழுதுட்டாங்க. அவங்களுக்கும் அந்த அஞ்சு நிமிஷம் பத்தலையாம், முக்கியமானதை முதல்ல கேட்கணும்னு நினைச்சாங்களாம்.

மெக்கானிக்கல் பசங்களைக் கேளுங்க, ஒரே அடியில் உடையாத இரும்பு, அதைவிடக் கம்மியான லோடை ஆயிரம் தடவை திரும்பத் திரும்பப் போட்டால் உடையும். ஃபேட்டீக்னு ஒரு சேப்டரே இருக்கு. பரீட்சை மூணு மணி நேரம்தான். "படிச்சியா?" மட்டும் ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு எண்ணிப் பாருங்க.

இதை வச்சு நம்ம ஊர் பெற்றோர்களைக் கிண்டல் பண்ணி எழுதறது ஈஸி. பிராய்லர் கோழி ஸ்கூல் என்ற வார்த்தையை நாம எல்லாரும் யூஸ் பண்ணியிருக்கோம், நாமக்கல்லில் கோழிப்பண்ணையும் ஸ்கூலும் ஒண்ணா வளர்ந்ததால அந்த ஜோக்குக்கு உழைப்பே வேண்டாம். ஆனா சித்தப்பா பக்கம் இருந்து ஒரு நிமிஷம் பாருங்க. 2022லயும் 2025லயும் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டத்து விசைத்தறிக்காரங்க வாரக்கணக்கில் தறியை நிறுத்தினாங்க. அந்த நாட்களில் சித்தப்பா வீட்டில் நகை பேங்க்குக்குப் போச்சு. 12 தறியையும் மகனுக்கு எழுதி வச்சா அது சொத்தா கடனான்னு அவருக்கே தெரியலை. அவர் கண்ணால் பார்த்த வரைக்கும் தறியை விட்டு வெளிய போனவங்க எல்லாரும் மார்க்கைப் பிடிச்சுத்தான் போனாங்க. அதனால காலண்டரில் அவர் எழுதற அந்த நம்பரில் மிரட்டல் கம்மி, பயம்தான் அதிகம். பயத்தை அவர் வேற எங்க கொண்டுபோய் வைப்பார்?

அரசாங்கமும் சும்மா இல்லை. 2007ல இருந்து இன்ஜினியரிங்குக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான், மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200 கட்-ஆஃப். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது நல்ல முடிவுதான், நானே அதில் வந்தவள். ஆனா ஒரு பரீட்சையோட பாரம் இன்னொண்ணு மேல ஏறிருச்சு. 2017ல மாநில ரேங்க் அறிவிக்கறதை நிறுத்தினாங்க. அப்போது கல்வி அமைச்சர் நம்ம கோபிச்செட்டிபாளையத்துச் செங்கோட்டையன். மாநில முதலிடம், இரண்டாமிடம்னு பேப்பரில் ஸ்வீட் ஊட்டுற போட்டோ அதோட போச்சு. ஆனா அவிநாசி ரோட்டில் ரிசல்ட் வந்த வாரம் போய்ப் பாருங்க, பேப்பரில் இல்லாத போட்டோ எல்லாம் பிளெக்ஸ்ல இருக்கும். பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாம பிளஸ் டூ பாடத்துக்குத் தாவுற ஸ்கூல்களைத் தடுக்க 2018 மார்ச்சில் இருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வச்சாங்க. காரணம் நியாயமானது. ஆனா வீடுகளுக்குக் கிடைச்சது பத்து, பதினொண்ணு, பன்னிரண்டுன்னு தொடர்ந்து மூணு வருஷ பரீட்சை சீசன். இப்ப 2025 ஆகஸ்ட்டில் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையில் அதை எடுத்துட்டாங்க. இந்த வருஷம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு இல்லை.

சந்தோஷம்தான். ஆனா என் தோழி ஒருத்தியோட தங்கச்சி பிளஸ் ஒன். பொதுத்தேர்வு போனதும் அவங்க வீட்டில் அந்த நேரத்துக்கு ஒரு நீட் கிளாஸ் சேர்த்து விட்டுட்டாங்க. கேள்வித்தாளை அரசாணையால் மாத்தலாம், வீட்டு ஹாலை மாத்த முடியாது.

தென்கொரியாவில் நவம்பரில் காலேஜ் நுழைவுத் தேர்வு நடக்கும் நாளில் இங்கிலீஷ் லிசனிங் பகுதிக்காக 35 நிமிஷம் நாடு முழுக்க விமானம் ஏறாது, இறங்காது. ஆபீஸ், ஷேர் மார்க்கெட் எல்லாம் ஒரு மணி நேரம் லேட்டாத் திறக்கும். வீடியோ பார்த்துட்டு நாம "அய்யோ பாவம்"ங்கறோம். அங்க 35 நிமிஷம். சோமனூரில் ஒரு வீட்டில் டிவி மேல நாலு மாசமா பெட்ஷீட்.

ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி போனேன். இந்தத் தடவை யாரும் கூப்பிடலை. சித்தி சந்தைக்குப் போயிருந்தாங்க. தறிக்குடோன் திண்ணையில் உட்கார்ந்து அவன்கிட்ட சொன்னேன். எந்தப் பேப்பர், முதல் தடவை எவ்வளவு, ரெண்டாவது தடவை எவ்வளவு, ரிசல்ட் பார்த்துட்டு ஹாஸ்டல் மாடியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன், எல்லாம்.

சினிமா மாதிரி அவன் முகம் மலரலை. கோவம்தான் வந்தது. "அப்பறம் ஏனுங்க்கா அன்னைக்குப் பொய் சொன்னீங்க?" என்கிட்ட பதில் இல்லை. உங்க அம்மா நின்னுட்டு இருந்தாங்கடான்னு சொன்னேன். அவனுக்கு அது புரிஞ்சது. ரொம்ப நேரம் கழிச்சு அவன் சொன்னான், கெமிஸ்ட்ரி ரிவிஷன் டெஸ்ட்டில் 41, வீட்டில் 71ன்னு சொல்லியிருக்கேன்னு. அப்பறம் இன்னொண்ணு. தினமும் காலையில் வயிறு வலிக்குதாம். சொன்னா படிக்காம இருக்க நடிக்கறேன்னு சொல்லுவாங்கன்னு டிசம்பர்ல இருந்து யார்கிட்டயும் சொல்லலை. ராத்திரி 12.30க்குப் படுத்து 4.30க்கு எந்திரிக்கிறான். நாலு மணி நேரம். இந்த வயசுக்கு, அதாவது 13ல இருந்து 18 வரைக்கும், 8ல இருந்து 10 மணி நேரத் தூக்கம் வேணும்னு அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி சொல்லுது. நம்ம வீடுகளில் எட்டு மணி நேரம் தூங்குற பிளஸ் டூ பையனை சோம்பேறிம்பாங்க. படிச்சது மூளையில் பதியறதே தூக்கத்திலதான், அதை வெட்டிட்டு மறுநாள் அதே பக்கத்தைத் திரும்பப் படிக்கறோம்.

திரும்பப் படிக்கறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2006ல ரோடிகர், கார்பிக்கி என்ற ரெண்டு பேர் அமெரிக்காவில் காலேஜ் பசங்களை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க. ஒரு குரூப் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சது. இன்னொரு குரூப் படிச்சுட்டு, புத்தகத்தை மூடி, ஞாபகம் இருக்கறதை எழுதிப் பார்த்தது. அஞ்சு நிமிஷத்தில் டெஸ்ட் வச்சப்ப திரும்பப் படிச்சவங்க முன்னாடி. ஒரு வாரம் கழிச்சு வச்சப்ப எழுதிப் பார்த்தவங்க முன்னாடி. 36 நாளில் இதைச் செஞ்சா நேரமும் மிச்சம். இதை ஏன் இங்க சொல்றேன்னா, நாம போய் உட்கார்ந்து குடுக்கற இருபது நிமிஷ லெக்சருக்குப் பதிலா, ஒரு பழைய கேள்வித்தாளை எடுத்துக்கிட்டு அவங்களோட ஒரு மணி நேரம் உட்கார்ந்தா அது அட்வைஸைவிட உருப்படியான வேலை. நானும் அவனும் அன்னைக்கு எலக்ட்ரோகெமிஸ்ட்ரி போட்டோம். எனக்கே பாதி மறந்து போச்சு. அவன் எனக்குச் சொல்லிக் குடுத்தான். அன்னைக்கு அவன் சிரிச்சது அப்பத்தான்.

சித்தி வந்தாங்க. வயித்து வலி விஷயத்தை நான்தான் எடுத்துச் சொன்னேன், அரியர் கதையும் வெளிய வந்துருச்சு. "படிக்கச் சொல்றதுக்குக் கூப்பிட்டா, பெயில் ஆனாலும் பரவால்லன்னு சொல்லிக் குடுத்துட்டு இருக்கறயா?" ஒரு வாரம் என்கூடப் பேசலை.

சித்தி சொன்னதில் ஒரு நியாயமான கேள்வி இருக்கு, அதை ஒதுக்கிட்டுப் போக முடியாது. தோத்தாலும் பரவால்லன்னு தெரிஞ்சா பிள்ளைங்க முயற்சி பண்ணுவாங்களா? கொஞ்சம் பயம் வேணும்தானே? வேணும். கொஞ்சம் பதட்டம் இல்லாம நம்ம யாருமே செமஸ்டருக்கு முந்தின நாள் புக்கைத் திறக்க மாட்டோம். ஆனா 41ஐ 71ன்னு சொல்ல வைக்கிற பயம் படிக்க வைக்கலை, மறைக்கத்தான் வச்சிருக்கு. கெமிஸ்ட்ரியில் அவனுக்கு உதவி வேணும்னு அந்த வீட்டில் இருக்கிற நாலு பேருக்கும் தெரியாம போனது அந்தப் பயத்தாலதான். மார்க்கை ஒளிச்சு வைக்கத் தேவையில்லாத வீட்டிலதான் மார்க்கைக் கூட்டறதுக்கு வழி தேட முடியும்.

இன்னொண்ணு, தோத்தா என்ன ஆகும் என்பதை யாராவது அவங்களுக்குக் கடைசி வரைக்கும் சொல்லியிருக்காங்களா? "பெயில் ஆனா அவ்வளவுதான்" என்பதோட பேச்சு முடிஞ்சிரும். அவ்வளவுதான்னா எவ்வளவு? மே மாசம் ரிசல்ட் வந்ததும் துணைத்தேர்வுக்கு அப்ளை பண்ணலாம், ஒரு வருஷம் வீணாகாம அதே வருஷம் எழுதலாம். கட்-ஆஃப் குறைஞ்சா? ஒவ்வொரு வருஷமும் கவுன்சிலிங் முடிஞ்ச பொறவும் ஆயிரக்கணக்கில் இன்ஜினியரிங் சீட் காலியாத்தான் கிடக்கு. பாலிடெக்னிக் முடிச்சு நேரா செகண்ட் இயர் வந்தவங்க நம்ம கிளாஸிலேயே இருக்காங்க, லேபில் அவங்க இல்லாம நமக்கு ஒரு ரீடிங்கும் வராது. இதெல்லாம் நமக்குத் தெரியும், பதினேழு வயசுப் பையனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சது பிளெக்ஸில் இருக்கற போட்டோ மட்டும்தான்.

பேமிலி வாட்ஸ்அப் குரூப்பைப் பத்தி ரெண்டு வரி. ரிசல்ட் அன்னைக்கு "எவ்வளவு?"ன்னு முதல்ல கேட்கற மாமா ஒருத்தர் எல்லா குரூப்பிலும் இருப்பார். போன தடவை எங்க குரூப்பில் 560 எடுத்த ஒருத்தனுக்கு 21 கைதட்டல், அதுக்குக் கீழ 402 எடுத்த பிள்ளைக்கு ஒரு கும்பிடு மட்டும். அந்தப் பிள்ளை குரூப்பை விட்டு வெளிய போயிருச்சு, அதையும் ஒருத்தர் "ஏன் லெப்ட்?"னு கேட்டார். இந்த வருஷம் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே நாம குரூப்பில் எழுதிடலாம், மார்க்கை இங்க கேக்காதீங்க, வேணும்னா வீட்டுக்கு வந்து ஸ்வீட் சாப்பிடுங்கன்னு. சின்னப் பிள்ளைங்க எழுத முடியாது. நாம எழுதினா ரெண்டு பேர் திட்டுவாங்க, அவ்வளவுதான்.

வயித்து வலி, வாந்தி, தூக்கமே வராதது, "நான் இல்லாட்டி நல்லாருக்கும்" மாதிரி பேச்சு, இதெல்லாம் வந்தால் அது நம்ம லெவல் இல்லை. கூடவே இருந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். போனில் பேச 14416, டெலி மானஸ், காசு கிடையாது. 104லயும் கவுன்சிலிங் உண்டு. பள்ளிக்கல்வித் துறையோட 14417 துணைத்தேர்வு, மார்க் ஷீட் மாதிரி விஷயங்களுக்கும் உதவும். இந்த நம்பர்களை அவங்க போனில் நாமே சேவ் பண்ணி வைக்கலாம். தம்பியைச் சித்தி கடைசியில் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குத் தூங்கற?" நான் சொன்னப்ப ஏறாதது அவர் கேட்டதும் ஏறிருச்சு. இப்ப 10.30க்கு லைட் ஆப். கெமிஸ்ட்ரி இன்னும் மோசம்தான், 71 இன்னும் வரலை.

நோம்பி ஒரு பிரச்சனை இருக்கு. அவங்க ஊர் மாரியம்மன் கோயிலில் கம்பம் நடுறது பரீட்சை நேரத்தில் வருது. வருஷா வருஷம் ராத்திரி தப்பட்டைச் சத்தம் கேட்டதும் கம்பத்தைச் சுத்தி ஆட முதல் ஆளா ஓடறவன் அவன். இந்த வருஷம் போகக் கூடாதுன்னு சித்தப்பா பொங்கல் அன்னைக்கே சொல்லிட்டார். எப்படியும் அந்தச் சத்தம் ஜன்னல் வழியா வரத்தான் போகுது, உள்ள உட்கார்ந்து அவன் படிக்கப் போறது எதுவும் இல்லை. ஒரு நாள் ராத்திரி ஒரு மணி நேரம் விடுங்க சித்தப்பா, நான் கூடப் போய்க் கூட்டிட்டு வர்றேன்னு கேட்டேன். பார்க்கலாம் என்றார். அவர் அகராதியில் பார்க்கலாம் என்றால் பாதி சம்மதம்.

ரிசல்ட் அன்னைக்கு நான் அங்கே இருக்கறதா தம்பிகிட்ட சொல்லியிருக்கேன். என் கடைசி செமஸ்டரும் அந்தச் சமயத்தில்தான் இருக்கும், எப்படியாவது போயிருவேன். அவன் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கான். ரிஜிஸ்டர் நம்பரை அவன்தான் டைப் பண்ணுவான், அதுவரைக்கும் போன் சித்தி கையில் இருக்கக் கூடாது.